கேம்கார்டர் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான விளக்கம்

பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்களில் பலர், எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எடிட்டிங் சரியாக வரவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். கேசட்டை அப்படி ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா கொஞ்சம் தேய்கிறது, அதை ஓட்டும் கருவியும் தேய்கிறது. அந்தக் கருவிகள் இப்போது புதிதாகக் கிடைப்பதும் இல்லை. விஎச்எஸ் பிளேயர்களைக் கடைசி வரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவில் பதிவு செய்யும் வீட்டுக் கேமராக்களும் இன்று பழைய பொருளாக மட்டுமே விற்பனைக்கு வருகின்றன. ஆகவே நாடாவில் இருப்பதை எந்தக் குறைப்பும் மாற்றமும் இல்லாமல் ஒரே முறையில் முழுமையாகக் கணினிக்குள் கொண்டுவந்து, அதை மூலக்கோப்பாகப் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு நிதானமாக எடிட்டிங்குக்குப் போவதுதான் சரியான வரிசை. இந்தக் கட்டுரை அந்த முதல் படிக்கே அதிக இடம் ஒதுக்குகிறது.

கையில் இருப்பது எந்தக் கேசட்?

கேசட்டின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை முதலில் பாருங்கள். விஎச்எஸ், அதன் சிறிய வடிவமாக 1982-இல் வந்த விஎச்எஸ்-சி, 1985-இல் வந்த வீடியோ8, 1989-இல் வந்த ஹை8 ஆகிய நான்கும் அனலாக் வகையைச் சேர்ந்தவை. 1995-இல் வந்த மினிடிவியும் 1999-இல் வந்த டிஜிட்டல்8-உம் டிஜிட்டல் வகை. இதில் குழப்பம் தரக்கூடியது டிஜிட்டல்8 தான். அது ஹை8 கேசட்டையே பயன்படுத்துவதால், வெளியில் ஹை8 என்று போட்டிருந்தாலும் உள்ளே டிஜிட்டல் பதிவு இருக்கக்கூடும். அதேபோல மினிடிவி கேசட்டுக்குள் எச்டிவி என்ற உயர்தரப் பதிவும் இருக்கலாம். எந்தக் கேமராவில் எடுத்தது என்பது தெரிந்தால் இந்தச் சந்தேகம் உடனே தீர்ந்துவிடும்.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இரண்டு வகைக்கும் செய்ய வேண்டிய வேலையே வேறு. மினிடிவி நாடாவில் படம் ஏற்கெனவே எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்களை அப்படியே கணினிக்கு நகலெடுத்தால் போதும். நாடா பிழையின்றிப் படிக்கப்பட்டால், கணினியில் உருவாகும் கோப்புக்கும் நாடாவில் இருப்பதற்கும் படத்தின் தரத்தில் எந்த வேறுபாடும் இருக்காது. ஹை8, விஎச்எஸ் போன்றவற்றில் இருப்பதோ ஏறி இறங்கும் காந்த அலை. அதை ஒரு கருவி படித்து, மின்சமிக்ஞையாக மாற்றி அனுப்ப, இன்னொரு கருவி அதை அளந்து எண்களாக மாற்ற வேண்டும். அதாவது அங்கே நடப்பது புதிய பதிவு. எந்தப் பிளேயர், எந்தக் கேபிள், எந்த மாற்றுக் கருவி என்ற ஒவ்வொன்றும் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும்.

மினிடிவி: கேபிள்தான் முதல் தடை

மினிடிவி கேமராவில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று யுஎஸ்பி; மற்றொன்று டிவி (DV) அல்லது ஐ.லிங்க் என்று எழுதப்பட்ட, நான்கு முனைகள் கொண்ட சிறிய துளை. பழகிய யுஎஸ்பியைத்தான் எல்லோரும் முதலில் செருகிப் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி இருப்பது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களை எடுப்பதற்காக, அல்லது தரம் குறைந்த நேரலைப் படத்தை அனுப்புவதற்காக. நாடாவில் உள்ள முழுத் தரப் படம் அந்தச் சிறிய துளை வழியாக, பயர்வயர் என்ற இணைப்பில்தான் வெளிவரும். ஐஇஇஇ 1394 என்பதும் ஐ.லிங்க் என்பதும் இதே இணைப்பின் வேறு பெயர்கள்.

இணையக் கடைகளில் ஒரு முனையில் பயர்வயரும் மறுமுனையில் யுஎஸ்பியும் கொண்ட மலிவான கேபிள்கள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்காதீர்கள். பயர்வயரும் யுஎஸ்பியும் தகவலைக் கையாளும் முறையே வேறு. கம்பிகளை இணைத்துவிடுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றாகிவிடாது. அந்தக் கேபிள் கேமராவையும் கணினியையும் பௌதிகமாக இணைக்கும், ஆனால் ஒரு நொடிப் படம்கூட வந்து சேராது. பல பேர் இந்த இடத்தில்தான் பணத்தையும் நம்பிக்கையையும் இழந்து, கேசட்டை மீண்டும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது மிகவும் வருத்தத்துக்குரியது, ஏனென்றால் சரியான வழியும் அவ்வளவு செலவு பிடிப்பதில்லை.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள், மதர்போர்டில் செருகும் பயர்வயர் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். ஒரு முனையில் நான்கு, மறுமுனையில் ஆறு முனைகள் கொண்ட கேபிளும் தேவை. விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் சில கார்டுகளுக்கு 'லெகஸி' எனப்படும் பழைய 1394 டிரைவரைத் தனியாக நிறுவிய பிறகுதான் கேமரா தென்படும். பழைய மேக் கணினிகளில் பயர்வயர் துளை உள்ளேயே இருக்கிறது. அதற்குப் பிந்தியவற்றில் தண்டர்போல்ட் துளையைப் பயர்வயராக மாற்றும் அடாப்டர்களைத் தொடராக இணைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் 2025-இல் வெளியான மேக்ஓஎஸ் 26 பதிப்பில் பயர்வயர் ஆதரவையே ஆப்பிள் நீக்கிவிட்டது. எனவே மேக் வைத்திருப்பவர்கள் கேசட் வேலையை முடிக்கும் வரை கணினியைப் புதிய பதிப்புக்கு உயர்த்தாமல் இருப்பது நல்லது. யாராவது பழைய மடிக்கணினியைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்றால், அதன் பக்கவாட்டில் இந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலைக்கு அது புதிய கணினியைவிட உதவும்.

கேபிளைச் செருகும்போது கேமராவை அணைத்துவைத்திருங்கள். ஆறு முனை இணைப்பில் மின்சாரமும் ஓடுவதால், தலைகீழாகவோ சாய்வாகவோ அழுத்திச் செருகினால் கேமராவின் துளை நிரந்தரமாகப் பழுதாகிவிடலாம்.

ஓட்டுவதற்கு முன்

கேசட்டின் சிறிய கண்ணாடி வழியாக நாடாச் சுருளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பு வழவழவென்று ஒரே கருமையாக இருக்க வேண்டும். வெள்ளைப் பொடி படிந்ததுபோலவோ மெல்லிய வெண்நூல் படர்ந்ததுபோலவோ தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் பீரோவுக்குள் மூடிக் கிடந்த கேசட்டுகளில் இது சாதாரணமாகக் காணப்படும். அத்தகைய கேசட்டைக் கேமராவில் போட்டால், பூஞ்சை, நாடாவைப் படிக்கும் 'ஹெட்' என்ற பாகத்தில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்துவைத்து, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதுதான் வழி.

அடுத்து, அழியாமல் காக்கும் பூட்டு. மினிடிவியிலும் ஹை8-இலும் முதுகுப் பக்கம் ஒரு சிறிய தள்ளுபட்டை இருக்கும். மினிடிவியில் அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிட வேண்டும். விஎச்எஸ்ஸில் முதுகின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். இதைச் செய்துவிட்டால், தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவுக்கு ஆபத்து இல்லை. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவாக இருந்தால், ஒருமுறை கடைசி வரை வேகமாக ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த சுற்றுகள் விடுபட்டு, இழுவிசை சீராகும்.

கணினியில் போதுமான இடம் வேண்டும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எடுத்த மினிடிவி, நொடிக்கு 3.6 மெகாபைட் வீதம் வருகிறது; ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமிப்பதானால் அது ஃபேட்32 முறையில் இருக்கக் கூடாது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், சுமார் 20 நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

மாற்றும் நேரம்

கேமராவை மின் அடாப்டரில் இணைத்து, அணைத்த நிலையிலேயே கேபிளைச் செருகி, பிறகு 'பிளே' அல்லது 'விசிஆர்' நிலையில் இயக்கினால் கணினி அதை அடையாளம் காணும். விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப், பழைய மேக்கில் ஐமூவி ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும்; இதில் குறுக்குவழி கிடையாது. அந்த நேரத்தில் கணினி தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிடுங்கள்.

படம் ஓடும்போது பக்கத்திலேயே இருந்து பார்ப்பது அவசியம் என்று நான் கருதுகிறேன். மினிடிவி கேமராவில் படத்தைப் படிக்கச் சுழலும் உருளையில் இரண்டு ஹெட்டுகள் மாறி மாறி வேலை செய்கின்றன. பால் முறையில் ஒரே ஒரு படச்சட்டம் (ஃப்ரேம்) நாடாவில் 12 சாய்ந்த தடங்களாக எழுதப்பட்டிருக்கும். ஒற்றைத் தடங்களை ஒரு ஹெட்டும் இரட்டைத் தடங்களை மற்றொன்றும் படிக்கும். ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்துக்கொண்டால், திரையில் படுக்கைவாட்டில் பட்டை பட்டையாக, ஒரு பட்டையில் நகரும் படமும் அடுத்த பட்டையில் உறைந்துபோன பழைய படமும் தெரியும். மணமேடையில் எல்லோரும் எழுந்துபோன பிறகும் பாதி முகங்கள் பட்டைகளில் தங்கியிருப்பதைக் கண்டால் நாடா அழிந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. கேமராவை நிறுத்தி, ஹெட் சுத்தம் செய்யும் உலர் கேசட்டைச் சில நொடிகள் மட்டும் ஓட்டிவிட்டு, அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தக் கேசட்டை நீண்ட நேரம் ஓட்டினால் ஹெட்டே தேய்ந்துவிடும்.

சிறு சிறு சதுரங்களாகச் சில இடங்களில் மட்டும் படம் சிதறினால், அது நாடாவின் மேற்பூச்சு உதிர்ந்த இடமாக இருக்கலாம். அதே பகுதியை மறுமுறை ஓட்டும்போது வேறு இடத்தில் சிதறக்கூடும் என்பதால், இரண்டு முறை எடுத்துவைத்து நல்ல பகுதிகளை இணைக்கலாம். டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு சட்டத்திலும் உள்ள பிழைகளைக் கணக்கெடுத்து இந்த இணைப்பைத் தானாகவே செய்கிறது. நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் எல்பி வேகத்தில் பதிவான கேசட்டாக இருந்தால், முடிந்தவரை அதைப் பதிவு செய்த கேமராவிலேயே ஓட்ட வேண்டும். தடங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் வேறு கேமரா அவற்றைத் துல்லியமாகப் பின்தொடரத் தவறலாம்.

மூலக்கோப்பை அதே டிவி (DV) வடிவத்தில் வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. மினிடிவி பதிவில் ஒவ்வொரு சட்டத்தோடும் அது எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் மறைவாக எழுதப்பட்டிருக்கும். இதைக் கொண்டு, கேமரா நிறுத்தித் தொடங்கப்பட்ட இடங்களில் மென்பொருள் தானாகவே காட்சிகளைப் பிரித்துவிடும். வளைகாப்பு எந்த மாதம், பாட்டி ஊருக்கு வந்த நாள் எது என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்கிறது. எம்பி4-ஆக மாற்றியதும் பொதுவாக இந்தத் தகவல் போய்விடும். கேமராவின் உள் பேட்டரி செத்துப்போனபின் எடுத்த காட்சிகளில் எல்லாம் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1 என்றே இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

ஹை8, வீடியோ8, விஎச்எஸ்

உங்களிடம் ஹை8 அல்லது வீடியோ8 கேசட்டுகள் இருந்தால், பழைய அனலாக் கேசட்டையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமரா எங்காவது கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். எல்லா டிஜிட்டல்8 கேமராக்களிலும் இந்த வசதி இல்லை. இருப்பவற்றில், கேமராவே அனலாக் படத்தை டிஜிட்டலாக மாற்றிப் பயர்வயர் வழியாக அனுப்பிவிடும்; வீட்டில் செய்வதற்கு இதைவிட எளிய, நம்பகமான வழி இல்லை.

அது கிடைக்காதபோதும், விஎச்எஸ்ஸுக்கும், அனலாக் படத்தை எண்களாக மாற்றும் யுஎஸ்பி கேப்சர் கருவி ஒன்று தேவைப்படும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கேபிளில் மஞ்சள் வழியாகத்தான் படம் முழுவதும் வருகிறது. அந்த ஒற்றைக் கம்பியில் வெளிச்சமும் வண்ணமும் கலந்து வருவதால், அவற்றை மறுபடி பிரிக்கும்போது வண்ண ஓரங்களில் புள்ளிகள் ஊரும். எஸ்-வீடியோ துளை இருந்தால் படத்துக்கு அதையே பயன்படுத்துங்கள். அதில் இரண்டும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. நேர்க்கோடாக இருக்க வேண்டிய கதவு நிலையும் தூணும் நெளிந்து தெரிந்தால், நாடாவிலிருந்து ஒவ்வொரு வரியும் சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அதைச் சீர்செய்யும் 'டைம் பேஸ் கரெக்டர்' சில ஹை8 கேமராக்களிலும் எஸ்-விஎச்எஸ் பிளேயர்களிலும் உள்ளமைந்தே இருக்கிறது. மெனுவில் டிபிசி என்று இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

மஞ்சள் கேபிளை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் மலிவுப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை படத்தை அவசரமாகப் பெரிதாக்கி, விகிதத்தையும் மாற்றி அனுப்பும். பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. விண்டோஸில் வெர்ச்சுவல்டப் போன்ற மென்பொருளில், தரம் இழக்காத ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1 வடிவத்தில் பதிவு செய்வது நல்லது. கோப்பு மினிடிவியைவிடப் பெரிதாகும். ஆனால் பிறகு எந்தத் திருத்தத்துக்கும் இடம் கொடுக்கும். பதிவின்போது விடுபட்ட சட்டங்கள் எத்தனை என்று மென்பொருள் காட்டும் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது ஏறிக்கொண்டே போனால், அரை மணி நேரத்தில் நாதஸ்வரம் வாசிப்பவரின் விரலுக்கும் ஒலிக்கும் தொடர்பு விட்டுப்போகும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கேசட்டுகளில் இன்னொரு விஷயம் உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் பால் முறை. கனடாவிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி முறை. டொராண்டோவில் எடுத்த கேசட்டை இங்குள்ள பால் கேமராவில் ஓட்டினால் பெரும்பாலும் படம் சரியாக வராது. மென்பொருள் அமைப்பையும் கருவியையும் அந்தந்த முறைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சீப்புக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

கணினியில் முதன்முதலாகப் படத்தை நிறுத்திப் பார்க்கும்போது, வீசும் கையின் ஓரத்தில் சீப்பின் பற்கள்போலக் கிடைக்கோடுகள் தெரியும். இது பழுது அல்ல. பால் முறையில் நொடிக்கு 25 சட்டங்கள் இருந்தாலும், கேமரா உண்மையில் நொடிக்கு 50 முறை படம் எடுக்கிறது. ஒருமுறை ஒற்றை எண் வரிகளை மட்டும், அடுத்த முறை இரட்டை எண் வரிகளை மட்டும் எடுத்து, இரண்டையும் சேர்த்து 576 வரிகள் கொண்ட ஒரு சட்டமாக வைக்கிறது. இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் கடந்துவிடுவதால், அந்த இடைவெளியில் நகர்ந்த கை மட்டும் இரண்டு இடத்தில் தெரிகிறது. அசையாத சுவர் தெளிவாகவே இருக்கிறது. பழைய பிக்சர் டியூப் டிவி இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்தே காட்டியதால் இந்தக் கோடுகள் அதில் தெரியவில்லை.

இதை நீக்குவதுதான் டீஇன்டர்லேஸ். இங்கே பெரும்பாலோர் ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். மென்பொருள் தரும் எளிய தேர்வு, இரண்டு பாதிகளில் ஒன்றை எறிந்துவிட்டு நொடிக்கு 25 சட்டமாகவே வைத்துக்கொள்ளும். அப்போது ஊஞ்சலில் ஆடும் குழந்தை விட்டுவிட்டு நகர்வதுபோலத் தெரியும். ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுச் சட்டமாக விரித்து, நொடிக்கு 50 சட்டங்களாக வெளியிட்டால் கேமரா பிடித்த அசைவு முழுவதும் கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஐஎஃப் என்ற வடிகட்டி இதை நன்றாகச் செய்கிறது. எந்தப் பாதி முதலில் வரும் என்ற வரிசையும் சரியாக இருக்க வேண்டும். மினிடிவியில் கீழ்ப்பாதி முதலில். எச்டிவியில் மேற்பாதி முதலில். வரிசை மாறினால் ஒவ்வோர் அசைவும் முன்னும் பின்னும் உதறும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். மூலக்கோப்பில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பார்ப்பதற்கான நகலில் மட்டும் செய்யுங்கள்.

முகங்கள் ஒடுங்கித் தெரிந்தால் காரணம் வேறு. மினிடிவி பால் படம் 720 × 576 புள்ளிகள் கொண்டது. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 விகிதத்தில் எடுத்ததை ஏறத்தாழ 768 × 576 ஆகவும், 16:9-இல் எடுத்ததை 1024 × 576 ஆகவும் விரித்துக் காட்ட வேண்டும். பழைய 4:3 படத்தை அகலத் திரையை நிரப்புவதற்காக இழுக்க வேண்டாம். இரு பக்கமும் கருப்புப் பட்டை இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

எடிட்டிங்

ஷாட்கட், கேடிஎன்லைவ் ஆகியவை இலவசம். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. புதியவர்களுக்கு ஷாட்கட் போதும். டிவி (DV) வடிவத்தில் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால், எந்தச் சட்டத்தில் வேண்டுமானாலும் சுத்தமாக வெட்டலாம். பழைய கணினியும் தடுமாறாமல் ஓட்டும். எச்டிவியில் பல சட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், நாடாவில் ஒரு சிறு பழுதுகூட அரை நொடி அளவுக்குப் படத்தைக் கெடுத்துவிடும்.

மூடி போட்டபடி ஓடிய கேமரா, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடங்கள் ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். அதற்கு மேல் வெட்டுவதில் அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. காட்சி முடிந்த பின்னும் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கும் பேச்சில், இன்று நம்மோடு இல்லாத ஒருவரின் குரல் இருக்கலாம். படத்தைவிட ஒலிக்குத்தான் அதிகத் திருத்தம் தேவைப்படும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிளப்பும் 'ம்ம்' என்ற ரீங்காரத்தை வடிகட்டியால் குறைக்கலாம். ஆனால் கடுமையாக வடிகட்டினால் ஆண் குரல்கள் மெலிந்துபோகும். வண்ணத்தில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதுமானது. 576 வரிப் படத்தை முழு எச்டி ஆக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள் தோலை மெழுகுபோல வழவழப்பாக்கிவிடுகின்றன. அந்த முகம் நமக்குத் தெரிந்தவரின் முகமாக இருக்காது.

முடித்த படத்தை எம்பி4 கோப்பாக, எச்.264 முறையில், நொடிக்கு 50 சட்டங்களோடு வெளியிடுங்கள். நொடிக்கு 6 மெகாபிட் கொடுத்தால் ஒரு மணி நேரம் சுமார் 2.7 ஜிபி வரும். கைபேசியிலும் டிவியிலும் தடையின்றி ஓடும். குடும்பத்தாருக்கு அனுப்ப வேண்டியது இந்தக் கோப்பை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது மறுபடி சுருக்கிவிடும்.

மூலக்கோப்புகளுக்கு 2003-05-திருமணம்-கேசட்1 என்பதுபோல ஆண்டு முதலில் வரும்படி பெயரிட்டால், கோப்புறையில் அவை காலவரிசையில் தாமாகவே நிற்கும். அவற்றை இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். மூலக்கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை பார்த்து உறுதிசெய்த பிறகும் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். தொடக்கத்துக்குச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, புத்தகம்போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், ஸ்பீக்கர் போன்ற காந்தப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். மாற்றிய தேதியையும், எந்தக் கேமராவில் ஓட்டினீர்கள் என்பதையும் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதிவைத்தால், கோப்பில் ஏதேனும் பழுது தெரியவரும்போது எந்தக் கேசட்டை எதில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது உடனே புரியும்.